தெரியாதுன்னு சொன்னா விட்டுடுவாங்களா?



கடன் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்" என்று பேங்கில் சொன்னால் கடன் தீர்ந்துவிடுமா? தீராது. இது நமக்கெல்லாம் தெரியும். ஆனால் கூட்டமைப்பு ஆபீஸ் கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால், "அதெல்லாம் கணக்கு எழுதுற பொண்ணுதான் பாத்துக்கும்" என்று தலைவி முதல் பொருளாளர் வரை கையை விரிக்கிறோம்.

கம்ப்யூட்டர் வேலை செய்ய சாப்ட்வேர் வேண்டும். தமிழில் மென்பொருள் என்பார்கள். விலைக்கு வாங்கும் மென்பொருளோடு, அதை எத்தனை கம்ப்யூட்டரில் போடலாம் என்று உரிமமும் தருவார்கள். பஸ்ஸில் ஒரு டிக்கெட் எடுத்துவிட்டு நாலு பேர் போக முடியாது இல்லையா? அதுபோலத்தான். "எல்லாம் போட்டுக் குடுத்திருக்கேன்க்கா, தனியா காசு வேண்டாம்" என்று கடைக்காரர் சொன்னால் நாம் உஷாராக வேண்டும். உரிமம் இல்லாத நகலாக இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்ற பிரிவு 1994-இல் சேர்க்கப்பட்டது. திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தவில்லை என்றால், சிறை இல்லாமல் 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும் போட நீதிமன்றத்துக்கு இடம் உண்டு.

"தெரிஞ்சேன்னுதானே இருக்கு? தெரியாதுன்னு சொல்லிடலாமே" என்று சிலர் கேட்கலாம். அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவைப் பாருங்கள். கம்பெனியோ கூட்டாகச் சேர்ந்த அமைப்போ தப்பு செய்தால், அதை நடத்தும் பொறுப்பில் இருந்தவரும் குற்றவாளியாகவே கருதப்படுவார். தனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க முழுக்கவனம் எடுத்தேன் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். "பில் இல்லைக்கா" என்று அந்தப் பொண்ணு கூட்டத்தில் சொல்லி, "செலவு எதுக்கு" என்று நாம் தள்ளிவிட்ட பிறகு எப்படி நிரூபிப்பது? குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கும் அவள் தலையில் பழியைப் போடுவது நியாயமா?

இன்னொன்று. திருட்டு நகலோடு வைரஸும் வரலாம். நம் உறுப்பினர்களின் சேமிப்புக் கணக்கே அழிந்து போகலாம்.

நாம் செய்ய வேண்டியது

* ஒவ்வொரு மென்பொருளுக்கும் பில்லும் உரிமமும் கேட்டு வாங்கி பைலில் வையுங்கள்.
* பணம் இல்லையா? 2010-இல் தொடங்கிய லிப்ரே ஆபீஸ் இலவசம். எத்தனை கம்ப்யூட்டரிலும் போடலாம். கடிதம் அடிக்கலாம், கணக்கும் போடலாம்.
* யார் எதற்குப் பொறுப்பு என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

கம்ப்யூட்டர் தட்டத் தெரியாதது தப்பில்லை சகோதரிகளே. கேட்டுத் தெரிஞ்சுக்காம இருக்கிறதுதான் தப்பு. அடுத்த கூட்டத்திலேயே கேளுங்கள்: "நம்ம கம்ப்யூட்டருக்குப் பில் எங்கே?"