கொலைக்கும் தீர்ப்புக்கும் நடுவில் ஒரு கேஸ் கட்டு

ஆழ்வார்பேட்டையில் ஒரு குழந்தையைக் காணோம் என்றால் எந்த ஸ்டேஷனுக்கு ஓடுவது? எங்கள் பகுதியில் தெருவைப் பொறுத்து அபிராமபுரம், தேனாம்பேட்டை என்று பதில் மாறும். பதறி ஓடுகிற தாய்க்கு எல்லைக் கணக்கு தெரியாது. தெரியவும் வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும். பிறகு உரிய ஸ்டேஷனுக்கு மாற்றிக்கொள்ளலாம். ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்பது இதுதான். “இருபத்துநாலு மணி நேரம் பார்த்துட்டு வாங்க” என்று சொல்லச் சட்டத்தில் இடமே இல்லை. பச்பன் பச்சாவோ ஆந்தோலன் வழக்கில் 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: குழந்தை காணவில்லை என்று யார் வந்தாலும், கடத்தப்பட்டிருக்கலாம் என்ற அனுமானத்தோடேயே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும்.

நான் குற்ற வழக்குகளில் எதிரித் தரப்புக்கு ஆஜராகும் வழக்கறிஞர். போலீஸ் கட்டிய கேஸ் கட்டைப் பிரித்து எந்த முடிச்சு தளர்ந்திருக்கிறது என்று தேடுவது என் தொழில். சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புலனாய்வு என்றால் ‘யார் செய்தது’ என்று கண்டுபிடிப்பது. நான் படித்த கட்டுகளில் பெரும்பாலானவற்றில் யார் என்பது இரண்டு மூன்று நாளிலேயே போலீசுக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் கஷ்டமான வேலை. தெரிந்ததை, இறந்தவரையும் எதிரியையும் முன்பின் அறியாத ஒரு நீதிபதி நம்பும்படி, ஒரு கண்ணிகூட அறாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

குழந்தை விஷயத்தில் தேடல் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். அனுபவமுள்ள இன்ஸ்பெக்டர் முதலில் தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடி, பூட்டிய கார், பக்கத்து வீட்டு மாடிப்படிக்கு அடியில் உள்ள இடம் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பார். “நாங்க பார்த்துட்டோம் சார்” என்று வீட்டார் சொன்னாலும் பார்ப்பார். கடைசியாகப் பார்த்தது யார், எத்தனை மணிக்கு, என்ன சட்டை என்று கேட்டு அப்போதே எழுதுவார். ஒரு குழு எழும்பூர், சென்ட்ரல், பேருந்து நிலையங்களுக்குப் போட்டோவை அனுப்பும். இன்னொன்று தெரு முனையிலிருந்து ஒவ்வொரு கேமராவாகப் பின்தொடரும். பணம் கேட்டு போன் வந்தால் ஒருவர் அந்த வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். உறவு, பழைய வேலையாள், கடன் பாக்கி என்று குடும்பத்தையே நோண்டுவார்கள். அழுதுகொண்டிருக்கும் பெற்றோருக்கு அது அவமானமாக இருக்கும். ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கொலை என்றால் முதல் காகிதத்திலேயே வழக்கின் தலையெழுத்து பாதி தீர்ந்துவிடும். கொலை வழக்கு எஃப்.ஐ.ஆர். தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சேர வேண்டும். நள்ளிரவானாலும் ஒரு காவலர் அதை அவர் வீட்டுக்கு எடுத்துப் போவார். வாங்கிய நேரத்தை மாஜிஸ்திரேட் அதன் மேலேயே எழுதிக் கையெழுத்திடுவார். கட்டு கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்த நேரத்தைத்தான். இரவு ஒன்பதுக்குப் பதிந்த எஃப்.ஐ.ஆர். மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்திருந்தால், நடுவில் உட்கார்ந்து யோசித்து யார் யார் பெயரைச் சேர்த்தார்கள் என்று கேட்பேன். அதற்குப் பதில் இல்லாமல் விழுந்த வழக்குகள் உண்டு.

அடுத்தது ஸ்பாட். பார்வை மகஜர், மாதிரி வரைபடம், ரத்தம் தோய்ந்த மண், பக்கத்திலேயே ரத்தம் படாத மண் இரண்டும் வேண்டும். படாத மண் எதற்கு என்று ஒரு ஜூனியர் என்னிடம் கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்க. அந்த இடத்து மண்ணின் இயல்பு என்ன, வெளியிலிருந்து வந்து சேர்ந்தது என்ன என்று பிரித்துச் சொல்ல ஆய்வகத்துக்கு அது தேவை. எடுத்த ஒவ்வொரு பொருளையும் சாட்சிகள் முன்னால் பொதிந்து, முத்திரை வைத்து, படிவம் 95-இல் எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்துதான் அது மயிலாப்பூர் காமராஜர் சாலையில் உள்ள தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். 1849-இல் ரசாயனப் பரிசோதகர் கூடமாகத் தொடங்கிய நிறுவனம் அது. ராஜீவ் காந்தி கொலையில் மனித வெடிகுண்டு எப்படி உடம்பில் கட்டப்பட்டிருந்தது என்று துணுக்குகளிலிருந்து சொன்ன ப. சந்திரசேகரன் அதன் இயக்குநராக இருந்தவர். அந்த 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் இறந்தவர்களில் ஒருவரான புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா உடையாமல் கிடைத்ததும், அதற்குள் இருந்த 10 படங்களும் இல்லாவிட்டால், கிரீன்வேஸ் சாலை ‘மல்லிகை’ கட்டிடத்தில் இயங்கிய சிறப்புப் புலனாய்வுக் குழு எங்கிருந்து தொடங்கியிருக்கும்?

பழைய மெட்ராஸில் இந்தக் கண்ணிகள் அழகாகச் சேர்ந்த வழக்கு 1952-இல் நடந்த ஆளவந்தார் கொலை. சைனா பஜாரில் பேனா விற்றவர் ஆளவந்தார். ஆகஸ்ட் கடைசியில் காணாமல் போனார். எழும்பூரிலிருந்து போன போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி. மானாமதுரையில் நாற்றம் தாங்காமல் திறந்தால், தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒருவருடையதா, அவர் ஆளவந்தார்தானா? சென்னை மருத்துவக் கல்லூரியின் தடயவியல் பேராசிரியர் சி.பி. கோபாலகிருஷ்ணன் இரண்டையும் பொருத்திப் பார்த்தார். காதில் இருந்த துளைகள், பல் வரிசை எல்லாம் சாட்சி சொன்னன. ஆளவந்தார் முன்பு ராணுவத் துறையில் வேலை பார்த்தவர். அந்தக் கோப்பில் இருந்த கைரேகை ஒத்துப்போனது. கொலைக்காகக் கைதானவர்கள் பம்பாயில் பிடிபட்ட பிரபாகர மேனனும் அவர் மனைவி தேவகியும். 1953-இல் தண்டனை கிடைத்தது: கணவருக்கு ஏழு ஆண்டு, மனைவிக்கு மூன்று ஆண்டு. கேமரா இல்லை, செல்போன் இல்லை, டி.என்.ஏ. என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு பொருளும் எங்கே, எப்போது, யார் கையில் இருந்தது என்பது மட்டும் சரியாக இருந்தது.

இன்றைக்குக் கருவிகள் அதிகம். 2017-க்குப் பிறகு சென்னைக் காவல் துறை ‘மூன்றாவது கண்’ என்று தெருத் தெருவாகக் கேமரா வைக்கச் செய்தது. செல்போன் அழைப்புப் பட்டியலான சி.டி.ஆர்., ஒரு கோபுரத்தைக் குறிப்பிட்ட நேரத்தில் தொட்ட எல்லா எண்களையும் தரும் ‘டவர் டம்ப்’ எல்லாம் வந்துவிட்டன. கொலை நடந்த இடத்திலும், பைக்கை விட்டுவிட்டுப் போன இடத்திலும் பொதுவாக இருக்கும் எண்ணைத் தேடினால் பல நேரம் ஆள் கிடைத்துவிடுவார். ஆனால் அந்தப் பதிவு நீதிமன்றத்தில் செல்லுபடியாக வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி, இன்று புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு. பென் டிரைவில் நகலெடுத்து வந்து போட்டுக் காட்டினால் போதாது.

ரௌடிக் கும்பல் கொலைகளில் சிக்கல் வேறு மாதிரி. 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை வெட்டிக் கொன்றார்கள். அன்றிரவே எட்டுப் பேர் போலீஸ் கையில். வெளியிலிருந்து பார்க்க வழக்கு முடிந்ததுபோல் இருக்கும். கும்பல் கொலையில் தானாக வந்து நிற்பவர்களை வைத்து எதையும் முடித்துவிடக் கூடாது. வெட்டியவன் ஒருவன், ‘ஸ்கெட்ச்’ போட்டவன் இன்னொருவன், பணம் கொடுத்தவன் மூன்றாமவன். எதற்காக? எந்தப் பழைய கொலைக்குப் பழி? இவை சரணடைந்தவர் வாயிலிருந்து வராது. வங்கிக் கணக்கு, சிறைக்கு மனு பார்க்கப் போனவர்களின் பட்டியல், செல்போன் தொடர்பு என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போக வேண்டும். 30 பேரைச் சேர்த்து, ஐயாயிரம் பக்கத்தை நெருங்கும் குற்றப்பத்திரிகை தாக்கலானது. அதில் முதல் எதிரியாகக் காட்டப்பட்டவர் அப்போது வேலூர் சிறையில் ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தார். இடையில் ஜூலை 14-இல் கைதாகியிருந்த ஒருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். தப்பி ஓட முயன்றார் என்றது போலீஸ். என்கவுன்டரைக் கைதட்டி வரவேற்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இறந்தவரோடு போன பெயர்களை இனி யாரிடம் கேட்பது?

“அவனே ஒத்துக்கிட்டானாமே!” என்று என் அத்தை செய்தித்தாளைக் காட்டுவார். போலீசிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நம் நாட்டில் செல்லாது, அத்தை. அடித்து வாங்கியதா, ஆசை காட்டி வாங்கியதா என்று யாருக்குத் தெரியும்? செல்லுவது ஒரு துண்டு மட்டும்: அவர் சொன்னதால் ஒரு பொருள் புதிதாகக் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்குச் செல்லும். குண்டூர்ப் பக்கக் கோஷ்டிக் கொலை ஒன்றில், புலுகூரி கோட்டையா வழக்கு, 1946-இல் பிரிவி கவுன்சில் இதன் எல்லையை வரையறுத்தது. ஈட்டி இருந்த இடம் எதிரிக்குத் தெரியும் என்பது மட்டும் சாட்சியம். அந்த ஈட்டியால் குத்தினேன் என்று அவர் சொன்ன பகுதி சாட்சியமல்ல. இன்றும் அதுவே சட்டம்.

இத்தனையும் எழுத என்னை உட்கார வைத்தது ஒரு தீர்ப்பு. சென்னையின் மேற்குப் புறநகரில் 2017 பிப்ரவரியில் ஏழு வயதுச் சிறுமி காணாமல் போய்க் கொல்லப்பட்டாள். ஊரே கொதித்தது. கைதான இளைஞருக்கு ஓராண்டிலேயே செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது, அதே 2018-இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கோயில் கேமராவில் அவர் நடமாட்டம் தெரிந்தது என்றார்கள். அந்தப் பதிவு நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. சிறுமியோடு கடைசியாகப் பார்த்ததாகச் சொன்ன சாட்சியை நம்ப முடியவில்லை. பொருட்களைக் கண்டெடுத்த விதம் சந்தேகத்துக்கு இடமானது. டி.என்.ஏ. மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்பதற்கு ஒழுங்கான தடம் இல்லை. சட்ட உதவி வழக்கறிஞரை நியமித்ததே குற்றச்சாட்டு வனைந்த பிறகுதான்.

அன்று தொலைக்காட்சி விவாதங்களில் நீதிமன்றத்தைத் திட்டினார்கள். நான் அந்தப் பெற்றோரை நினைத்துத் தூங்கவில்லை. விடுதலையானவர் செய்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அதை நிச்சயமாகச் சொல்லும் வாய்ப்பை அந்தக் கேமராப் பெட்டியை எடுக்காமல் விட்ட நாளிலேயே இழந்துவிட்டோம். அவர் நிரபராதி என்றால் ஏறக்குறைய எட்டு ஆண்டு தூக்குக் கயிற்றின் நிழலில் வைத்திருந்தோம், செய்தவன் வெளியே இருக்கிறான். இல்லையென்றால் குழந்தைக்கு நாம் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. அவசரமாகத் தீர்ப்பு வேண்டும் என்று கத்திய நமக்கும் இதில் பங்கு உண்டு.

புலனாய்வு அதிகாரியை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நம் ஊரில் துப்பறிவாளர் என்று தனிப் பதவி கிடையாது. கொலையை விசாரிப்பது சட்டம் ஒழுங்கு இன்ஸ்பெக்டர். அவரேதான் மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழாவுக்கும், கதீட்ரல் சாலையில் போகும் வி.ஐ.பி. வண்டிகளுக்கும் பந்தோபஸ்து நிற்க வேண்டும். புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிக்கச் சொல்லி பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இலேயே உத்தரவிட்டது. ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்கும்போது என்னிடம் சொன்னார்: “மேடம், மகஜர்ல நீங்க காட்டுற ஓட்டை எல்லாம் எனக்கும் தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு அதை எழுதுனது, பகல் பூரா பந்தோபஸ்துல நின்ன ரைட்டர்.”

புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. 176-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் ஸ்பாட்டுக்கு வர வேண்டும். இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம். ஆள், வண்டி, ஆய்வகம் மூன்றும் பெருகினால்தான் இது நடக்கும்.

நம் கையில் உள்ளதும் கொஞ்சம் இருக்கிறது. உங்கள் அபார்ட்மென்ட் கேமராப் பெட்டி எத்தனை நாளில் பழைய பதிவை அழிக்கும் என்று அசோசியேஷன் செயலாளரிடம் கேளுங்கள். பல இடங்களில் அது இரண்டு வாரம்தான். அதன் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் தவறாக ஓடும் கேமராவை வைத்து எதிரித் தரப்பு வழக்கறிஞர் ஒரு முழு மதியம் குறுக்கு விசாரணை செய்யலாம். நான் செய்திருக்கிறேன். போலீஸ் வந்து பதிவு கேட்டால், என்ன கொடுத்தீர்கள், எந்தத் தேதி, எந்த அதிகாரி என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். மகஜரில் சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டால் கதவைச் சாத்தாதீர்கள். கண்ணால் பார்த்ததை முழுதாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், பார்க்காததற்குப் போடாதீர்கள். மூன்று வருடம் கழித்து சம்மன் வரும்போது கூண்டில் ஏறி நின்று சொல்லப்போவது நீங்கள்தான்.