நாய்க்கு ஓர் ஊசி

அடையாறு காந்தி நகரில், பள்ளி விட்டு வரும் மாணவன் ஒருவன் மரத்தடியில் கத்திக்கொண்டிருந்த நாய்க்குட்டியை வீட்டுக்கு எடுத்து வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். விளையாட்டில் குட்டியின் பல் அவன் விரலில் பட்டு, ஒரு துளி இரத்தம் வருகிறது. அவன் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. திட்டுவார்களே என்ற பயம் ஒன்று. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்களே என்ற பயம் இன்னொன்று.

இந்த மறைத்தல்தான் ஆபத்து. ஏன் தெரியுமா?

வெறிநாய்க்கடி நோயை, அதாவது ரேபிஸை, உண்டாக்குவது துப்பாக்கிக் குண்டு வடிவமுள்ள ஒரு வைரஸ். நோய் கண்ட நாயின் உமிழ்நீரில் அது இருக்கும். கடித்த காயத்தின் வழியே உள்ளே புகுந்து, நரம்பைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கிச் செல்லும். பெரும்பாலும் இதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். முகத்திலோ கழுத்திலோ கடி பட்டால் மூளைக்கு வழி குறுகியது. நோயும் விரைவில் வரலாம். மூளையை அடைந்து அறிகுறி தோன்றிவிட்டால், காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. ஆனால் அது போய்ச் சேருமுன் தடுப்பு மருந்து உடலில் வேலை செய்யத் தொடங்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். வைரஸுக்கும் மருந்துக்கும் இடையே நடப்பது ஓர் ஓட்டப்பந்தயம்!

இந்தப் பந்தயத்தில் முதன்முதலில் வென்றவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர். 1885-இல் ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அவர் மருந்து செலுத்தினார். நம் நாட்டில் 1900-இல் வடக்கே கசௌலியில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. 1902-இல் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி இந்நோயால் இறந்தார். தென்னாட்டில் அப்போது இதற்குச் சிகிச்சை நிலையமே இல்லை. அந்த மரணத்தின் விளைவாக 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றியது.

பதினான்கு ஊசிக் கதை, ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்தின் கதை. அதன் உற்பத்தி இந்தியாவில் 2004-இல் நிறுத்தப்பட்டது. இன்றைய மருந்தைப் புயத்தில் போடுகிறார்கள். நான்கைந்து நாட்கள் மருத்துவமனைக்குப் போனால் போதும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். ஆழமான காயமானால், காயத்திலேயே செலுத்தும் இன்னொரு மருந்தும் உண்டு.

நாய் கடித்தாலும், நகம் கீறினாலும் முதல் வேலை என்ன? ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பிசுக்குள்ள தட்டைச் சோப்பு சுத்தம் செய்கிறதல்லவா? அதுபோல இந்த உறையையும் சிதைத்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் தடவாதீர்கள். பெரியவர்களிடம் சொல்லி அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ‘குட்டிதானே’ என்று எண்ண வேண்டாம். குட்டிக்கும் இந்நோய் வரும்.

இனி நாயைக் கவனிப்போம். குட்டிக்கு மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். ஏன் பிறந்தவுடன் போடுவதில்லை? தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள்கள் குட்டியின் இரத்தத்தில் சில வாரம் இருக்கும். அவை தடுப்பூசியை வேலை செய்ய விடாமல் தடுத்துவிடலாம். பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசியும், ஆண்டுதோறும் ஓர் ஊசியும் போட்டு, அட்டையில் குறித்து வையுங்கள்.

நாய் திடீரெனக் குணம் மாறினால், குரல் மாறினால், தாடை தொங்கி எச்சில் வடிந்தால், எலும்பு சிக்கியிருக்கிறதென்று வாயில் கைவிடாதீர்கள். ‘தண்ணீர் குடிக்கிறதே, வெறி இல்லை’ என்பதும் தவறு. வெறிநாய் தண்ணீர் குடிக்கக்கூடும்.

தெருநாய்களை என்ன செய்வது? சென்னை மாநகராட்சி அவற்றை நெடுங்காலம் பிடித்துக் கொன்றுவந்தது. ஆயினும் நாய்கள் குறையவில்லை. காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் வந்தன. எஞ்சியவை குட்டி போட்டன. 1996-இல் தென்சென்னையில் புதுவழி தொடங்கியது. புளூ கிராஸ் அமைப்பின் துணையோடு நாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டார்கள். ஓர் ஊரிலுள்ள நாய்களில் 100-க்கு 70-க்குத் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் வீட்டு நாய் அந்த எழுபதில் ஒன்றா, மீதி முப்பதில் ஒன்றா?

ஊசி போட்டதும் கடமை முடிந்துவிடாது. அடையாற்றில் கலாக்ஷேத்திராவை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையில் விலங்குகளுக்காகக் குரல் கொடுத்தவர். அம்முயற்சியின் பயனாக 1960-இல் விலங்கு வதைத் தடைச் சட்டம் வந்தது. எந்நேரமும் கட்டிவைத்த நாயை நடக்கவிடாமல் வைத்திருப்பதும் அச்சட்டப்படி குற்றம். எனவே தினமும் அதை வெளியே நடத்திச் செல்லுங்கள்.

அந்தக் காந்தி நகர் மாணவன் இப்போது என்ன செய்ய வேண்டும்? விரலைச் சோப்பால் கழுவிக்கொண்டு அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அவன் மருத்துவமனைக்குப் போகட்டும். குட்டி கால்நடை மருத்துவரிடம் போகட்டும். இருவரும் சேர்ந்து வளர்வார்கள்.