பதில் வேண்டாத தட்டு



நத்தார் நெருங்குகிறது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் போறணை இல்லாத வீடுகள் பல. ஆயினும் அங்கும் பலகாரம் உண்டு. எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற 2021ஆம் ஆண்டு மார்கழியிலும் நம் அன்னையர் ஏதோவோர் இனிப்பைச் செய்து வைத்தனர்.

போறணை வேண்டாத எளிய இனிப்பு இது. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்துச் சொக்லேட்டை உருக்குங்கள். அதில் ஒரு துளி நீரும் விழலாகாது. விழுந்தால் திரைந்து கட்டியாகிவிடும். மாரி பிஸ்கட்டைப் பாதியளவு தோய்த்து எண்ணெய்க் கடதாசியில் பரப்புங்கள். இறுகுமுன் நறுக்கிய கஜுவையோ வண்ணச் சீனிமணிகளையோ தூவி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அலங்கரிக்கும் பணி பிள்ளைகளுடையதாகட்டும்.

இனித் தட்டுகளைப் பற்றிச் சிந்திப்போம். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலும் நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பமும் அயலவரிடமிருந்து நம் வீடு தேடி வருகின்றன. நத்தாருக்கு நாம் கொடுத்தனுப்புகிறோம். அழகிய வழக்கம்! ஆயினும் அவை பதில் பெறும் தட்டுகளே. கைம்மாறு செய்ய இயலாதவரை விருந்துக்கு அழைக்குமாறு ஆண்டவர் பணிக்கிறார் (லூக்கா 14:12-14). பிள்ளைகள் வெளிநாட்டில் வாழ, மாடிவீட்டில் தனித்திருக்கும் முதியவர். ஊர் செல்லப் பணமின்றி அறையில் தங்கிவிட்ட தொழிலாளி: இவர்களே நம் அயலில் அத்தகையோர்.

பெத்லகேம் என்பதன் பொருள் ‘அப்பத்தின் வீடு’. அவ்வூரில் பிறந்தவருக்கோ விடுதியில் இடமில்லை. நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்படுமுன் முதல் தட்டை இவர்களிடம் கொண்டுசெல்லுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். வாசலோடு திரும்பாமல் சற்று அமர்ந்து பேசுங்கள். தட்டு வெறுமையாகத் திரும்பினாலும் கவலை வேண்டாம். அதற்குரிய கைம்மாற்றைத் தருபவர் இறைவன்.