ஹார்ட் டிஸ்க் காப்பி ஸ்லோவா? தப்பு எங்கேன்னு கம்ப்யூட்டரே காட்டும்!
முதுகுளத்தூர் கல்யாண வீடியோ, 36 ஜிபி. ஹார்ட் டிஸ்க்கில் ஏற 15 நிமிஷம் ஆகுதா? புது டிஸ்க் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

டேட்டா போகும் பாதைக்குப் பெயர் 'பஸ்'. யுஎஸ்பி 2.0 பாதையின் உச்சம் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். நடைமுறையில் 40 கிடைத்தாலே அதிகம். யுஎஸ்பி 3.0-க்கு 5,000 மெகாபிட்.

எப்படி அளப்பது?

காப்பி ஓடும்போதே விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் டிஸ்க் வேகத்தைப் பாருங்கள். அரசு லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இருந்தால், டெர்மினலில் 'எல்எஸ்யுஎஸ்பி -டி' கட்டளை போதும். '480எம்' என்றால் 2.0 பாதை, '5000எம்' என்றால் 3.0.

வேகம் 40-லேயே நிக்குதா? குறை பெரும்பாலும் போர்ட்டிலோ கேபிளிலோதான். 3.0 கேபிளை 3.0 போர்ட்டில் மாட்டுங்கள். அதே டிஸ்க் நொடிக்கு 120 மெகாபைட் எழுதினால், 5 நிமிஷத்தில் வேலை முடிஞ்சுது!