தானே குவிக்கும் காமிராவும் பிளாஷ் விளக்கும்

புகைப்படம் என்பது ஒளியால் எழுதப்படும் சித்திரம். வண்ணம் இல்லாதவிடத்துத் தூரிகை என் செய்யும்? அதுபோலவே, அந்தி மயங்கிய வேளையிலும் விளக்கு மங்கிய மண்டபத்திலும் எத்துணை உயர்ந்த காமிராவும் தன் தொழில் இழந்து நிற்கும். இக்குறையை நீக்கவே பிளாஷ் எனப்படும் மின்னல் விளக்கு காமிராவுக்குத் துணையாக வந்தது.

டிஜிட்டல் காமிரா எங்கும் பரவிய பின்னரும், தந்தையரும் மாமன்மாரும் பீரோவில் வைத்துவிட்ட பிலிம் காமிராக்களை மாணவர் சிலர் மீண்டும் கையில் எடுத்திருக்கக் காண்கிறோம். அவற்றுள் பல, பொருளின் தூரத்தைத் தாமே அறிந்து லென்ஸைத் தாமே திருப்பும் ஆட்டோ போகஸ் வகையைச் சேர்ந்தவை. மேலே பொருத்தும் பிளாஷும் வேண்டிய ஒளியைத் தானே அளந்து கொடுக்கும். ஆகவே, “குவிப்பதும் இயந்திரம், அளப்பதும் இயந்திரம், நமக்கு இதில் வேலை யாது?” என்று கேட்போர் உளர். அவ்வேலை யாது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். டிஜிட்டல் காமிராவில் பிழை நேரின் உடனே கண்டு மீண்டும் எடுக்கலாம். பிலிமிலோ, கழுவி வரும் வரையில் ஒன்றும் தெரியாது. அதற்குள் விழா முடிந்திருக்கும். பிரியாவிடை பெற்ற நண்பர் ஊர் சென்றிருப்பர். சில வேளைகளில், படத்தில் இருக்க வேண்டிய முதியோர் உலகை விட்டே நீங்கியும் இருக்கக்கூடும். ஆதலின் பொத்தானை அழுத்தும் முன்னரே விளைவை மனத்தால் காணும் அறிவு பிலிம் காமிராவைக் கையாள்வோர்க்கு இன்றியமையாதது.

முதற்கண் இக்கருவிகளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1887இல் ஜெர்மானியர் இருவர், மக்னீசியப் பொடியோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து கொளுத்தி ஒளி உண்டாக்கும் முறையை வெளியிட்டனர். ஒளியோடு புகையும் தீ விபத்தும் அதன் உடன்பிறப்புக்களாயின. 1929இல் அந்நாட்டிலேயே, கண்ணாடிக் குமிழுக்குள் எரிந்து அடங்கும் பிளாஷ் பல்பு விற்பனைக்கு வந்தது. ஒரு பல்பு ஒரு படத்திற்கே உதவும். பின்னர் 1930களில் அமெரிக்கப் பேராசிரியர் ஹெரால்டு எட்ஜர்ட்டன், வாயு நிரம்பிய குழாயினூடே மின்சாரத்தைப் பாய்ச்சித் திரும்பத் திரும்ப மின்னச் செய்யும் முறையை வளர்த்தார். இன்றுள்ள மின் பிளாஷ்களுக்கு அதுவே மூலம். ஜப்பானில் 1975இல் வெளிவந்த ஒலிம்பஸ் ஓ.எம். 2 காமிரா, பிலிமின் மேற்பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டே பிளாஷை அடக்கும் முறையைத் தொடங்கி வைத்தது. 1985இல் வந்த மினோல்டா 7000, தானே குவிக்கும் ஆற்றலையும் இவ்வளவு முறையையும் ஓருடலில் அமைத்துப் பெரும்புகழ் பெற்றது. இனி வரும் விளக்கங்கட்கு அதனையே மாதிரியாகக் கொள்வோம்.

காமிராவிலேயே சிறு பிளாஷ் அமைந்திருக்கப் புறத்தே வேறொன்று எதற்கு எனலாம். உடன் அமைந்த பிளாஷ் வலிமை குன்றியது. லென்ஸுக்கு மிக அண்மையில் இருப்பது. இருளில் கண்ணின் பாவை அகல விரிந்திருக்கும். லென்ஸின் நேரே செல்லும் ஒளி அப்பாவையினுள் புகுந்து, குருதி நிறைந்த உட்சுவரிற் பட்டு, வந்த வழியே மீள்வதால் கண்கள் செந்தீப் போலப் படத்தில் தோன்றும். புற பிளாஷ் உயர்ந்து நிற்பதால் இக்குறை பெரிதும் குறையும். அன்றியும் அது தனக்கென பாட்டரி உடையது. பலவற்றில் தலையை மேல்நோக்கித் திருப்பவும் இயலும். எல்லாவற்றினும் சிறந்த பயன் ஒன்றுண்டு. அஃது இருளிற் குவிப்பதற்கு உதவுவது. அதனை அடுத்துக் காண்போம்.

காமிராவின் முதற்கண் குவிக்கும் கண். லென்ஸின் வழிப் புகும் ஒளியில் ஒரு பகுதி, அரைகுறையாக ஒளிவிடும் முதற் கண்ணாடியைக் கடந்து, அதன் பின்னுள்ள சிறு கண்ணாடியால் காமிராவின் அடித்தளத்திற்குத் திருப்பப்படும். அங்கே அது இரண்டு சிறு பிம்பங்களாகப் பிரிந்து உணர்கருவி ஒன்றின்மேல் விழும். அவ்விரு பிம்பங்களுக்கும் இடையேயுள்ள தொலைவைக் கொண்டு, லென்ஸை எப்பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டுமென்பதைக் காமிரா கணக்கிடும். இதற்குக் கோடோ விளிம்போ, வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடமோ வேண்டும். வெறுஞ் சுவரிலும் காரிருளிலும் அக்கண் குருடே. லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தடுமாறும். இவ்விடத்தேதான் புற பிளாஷின் முகப்பிலுள்ள செந்நிற விளக்கு கைகொடுக்கின்றது. பொத்தானைப் பாதி அழுத்தியதும் அது கோடுகள் அமைந்த மெல்லிய செவ்வொளியைப் பொருளின்மேல் வீசும். அக்கோடுகளைப் பற்றிக்கொண்டு காமிரா குவித்துவிடும். அவ்வொளி சில மீட்டர் தூரமே செல்லும் என்பதும், மினோல்டா 7000 போன்றவற்றில் காட்சியின் நடுவிடத்தை மட்டுமே காமிரா நோக்கும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன. இருவர் அருகருகே நிற்க, நடுவே இடைவெளி இருப்பின் காமிரா பின்சுவரைக் குவிக்கும். ஆதலின் ஒருவர் முகத்தை நடுவில் வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்தி, விரலை எடாமல் காமிராவை நகர்த்திக் காட்சியை அமைத்துக்கொண்டு, பின் முற்றும் அழுத்துக.

அடுத்து ஷட்டரைக் கருதுவோம். இக்காமிராக்களில் பிலிமின் முன் இரண்டு திரைகள் உண்டு. முதல் திரை விலகிப் பிலிமைத் திறக்கும்; இரண்டாவது தொடர்ந்து வந்து மூடும். வேகம் மிகுந்தால், முதல் திரை முற்றும் விலகு முன்னரே இரண்டாவது புறப்பட்டுவிடும். பிலிமின்மேல் ஒரு பிளவு மட்டுமே நகர்ந்து செல்லும். பிளாஷ் மின்னும் நேரமோ, முழு வலிமையிலும் ஏறத்தாழ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே. ஆகவே அக்கணத்தில் திறந்திருக்கும் பிளவு மட்டும் ஒளி பெறும். எஞ்சிய பகுதி கருமையாகும். இரு திரைகளும் முழுதும் திறந்து நிற்கும் மிக உயர்ந்த வேகம் மினோல்டா 7000இல் நொடியில் நூற்றில் ஒரு பங்கு. உரிய பிளாஷைப் பொருத்தின் காமிரா தானே தக்க வேகத்திற்கு மாறும். வேற்று பிளாஷாயின் நாமே அவ்வெல்லையைக் கடவாது வைத்தல் வேண்டும்.

இனி இரண்டாவது கண்ணாகிய ஒளியளக்கும் கண்ணிற்கு வருவோம். பொத்தானை முற்றும் அழுத்தியதும் கண்ணாடி மேலெழும், திரை திறக்கும், பிளாஷ் மின்னும். பொருளின்மேற் பட்ட ஒளி லென்ஸினூடே வந்து பிலிமில் விழுந்து, ஒரு பகுதி மீண்டும் தெறிக்கும். காமிராவின் அடித்தளத்திலிருந்து பிலிமை நோக்கியிருக்கும் உணர்கருவி அதனை அளந்து, போதும் என்ற அளவு வந்தவுடன் பிளாஷை அணைத்துவிடும். இதனையே டி.டி.எல். முறை என்பர். லென்ஸின் வழி அளத்தல் என்பது அதன் பொருள். ஒரு மின்னலை அதன் நடுவிலேயே நிறுத்திவிடும் இவ்விரைவு வியக்கத்தக்கதே.

ஆயினும் ஒன்று சிந்திக்க. குவிக்கும் கண் தொழில் செய்யும்போது பிளாஷ் மின்னவில்லை. பிளாஷ் மின்னும்போது கண்ணாடி எழுந்துவிட்டமையால் குவிக்கும் கண் மூடிக்கிடக்கின்றது. ஒரு கண் எம்முகத்தைத் தேர்ந்தெடுத்ததோ, அம்முகத்தைப் பற்றி மற்றொரு கண் ஒன்றும் அறியாது. பிலிமின் பெரும்பரப்பிலிருந்து வரும் ஒளி முழுவதையும் ஒரு தொகையாகவே அது காணும். உலகப் பொருள்கள் யாவும் கருமையும் வெண்மையும் அல்லாத இடைநிறத்தன என்பது அதன் எண்ணம்.

இவ்வெண்ணத்தால் விளையும் தீமை நம் நாட்டு விழாக்களில் நன்கு புலனாகும். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்த பெரியோர் வரிசையாக அமர்ந்திருக்கின்றனர். ஆடைகளினின்று மீளும் ஒளி மிகுதியாதலின், போதும் என்று கருவி பிளாஷை முன்னரே அணைத்துவிடும். படத்தில் வெள்ளை வேட்டி சாம்பல் நிறமாகும். மாநிறமும் கருநிறமும் உடைய முகங்களோ இருளில் மூழ்கும். ஆடைக்கு ஒளி கிடைத்து, அணிந்தவர்க்குக் கிடையாது போகின்றது! இதற்கு மாறாக, இருண்ட பெரிய மேடையில் ஒருவர் தனித்து நிற்பின், பின்புலத்திலிருந்து ஒளி மீளாமையால் பிளாஷ் அளவு கடந்து எரிந்து, அவர் முகத்தைச் சுண்ணம் பூசியதுபோல வெளுக்கச் செய்யும். பிற்காலத்தார் இக்குறையை அறியாதவர் அல்லர். 1992இல் வந்த நிக்கான் எஃப் 90 காமிரா, லென்ஸ் தரும் தூரச் செய்தியையும் ஒளிக்கணக்கில் சேர்த்துக்கொண்டது. எனினும் பழைய காமிராவை உடையார் தம் அறிவாலேயே இதனைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

திருத்தும் வழி இரண்டு. முதலாவது, கருவிக்குக் கட்டளை இடுதல். வெண்ணிற ஆடை காட்சியை நிறைத்தால் ஒரு படி முதல் ஒன்றரைப் படி வரை ஒளியைக் கூட்டுக. காரிருளிடையே சிறிய உருவமாயின் ஒரு படி குறைக்க. இதற்கெனத் தனிப் பொத்தான் இல்லாத காமிராவில், பிலிமின் வேக எண் 100 ஆயின் 50 என்று மாற்றி வைப்பின் ஒரு படி மிகும். வேலை முடிந்ததும் மீண்டும் 100இல் வைத்தல் வேண்டும். வண்ண நெகட்டிவ் பிலிம் மிகையான ஒளியைப் பொறுக்கும். குறைந்த ஒளியைப் பொறாது. ஸ்லைடு பிலிமோ மிகையைப் பொறாது. ஐயம் நேர்ந்தவிடத்து நெகட்டிவ் பிலிமுக்குச் சற்று மிகுதியாகக் கொடுத்தலே நன்று.

இரண்டாவது வழி பழையது. பிளாஷ் பல்பு காலத்திலேயே வழங்கியது. ஒவ்வொரு பிளாஷுக்கும் வழிகாட்டு எண் ஒன்றுண்டு. தூரத்தையும் லென்ஸின் துவார எண்ணையும் பெருக்கி வருவது அவ்வெண். அதனைத் தூரத்தால் வகுத்தால் வேண்டிய துவாரம் கிடைக்கும். பிலிம் வேகம் 100க்கு மீட்டர் கணக்கில் 28 என்ற எண்ணுடைய பிளாஷைக் கொள்வோம். பொருள் 3.5 மீட்டரில் இருப்பின் எஃப் 8. 5 மீட்டரில் எஃப் 5.6, 7 மீட்டரில் எஃப் 4, 10 மீட்டரில் எஃப் 2.8. தூரம் இருமடங்காயின் ஒளி நான்கில் ஒன்றாகும் என்னும் இயற்கை விதியே இக்கணக்கின் அடிப்படை. 400 வேகமுள்ள பிலிமுக்கு அவ்வெண் இருமடங்காகி 56 ஆகும்.

இனித் தானே குவிக்கும் காமிரா இக்கணக்கிற்குச் செய்யும் உதவியைக் காண்க. முன்னாளில் தூரத்தைக் கண்மதிப்பால் அறிந்தனர். இப்போது காமிரா முகத்தைக் குவித்தவுடன், லென்ஸின்மேல் உள்ள தூரக் குறியீட்டைப் படித்துக்கொண்டால் போதும். பிளாஷை முழு வலிமைக்கு நிறுத்தி, காமிராவைக் கைமுறைக்கு மாற்றி, கணக்கிட்ட துவாரத்தை வைத்து எடுக்கலாம். இக்கணக்கில் வேட்டிக்கும் கோட்டுக்கும் இடமில்லை. தூரம் ஒன்றே வினா. இவ்வாறு, இயந்திரத்தின் இரு கண்களும் தம்முள் பேசாதவிடத்து, இடைநின்று ஒன்றன் செய்தியை மற்றொன்றிற்கு உரைப்பவன் மனிதனே. முன்னே கேட்ட வினாவுக்கு இதுவே விடை.

நேரே வீசும் ஒளி முகத்தின் மேடுபள்ளங்களை மறைத்துப் பின்சுவரிற் கருநிழலை வீழ்த்தும். வெண்மையான, தாழ்ந்த மேற்கூரை இருப்பின் பிளாஷின் தலையை அதனை நோக்கித் திருப்புக. கூரை முழுதும் ஒரு பெரிய விளக்காகி மென்மையான ஒளியைப் பொழியும். வண்ணம் பூசிய கூரை தன் நிறத்தை முகத்தில் ஏற்றும். மிக உயர்ந்த மண்டபக் கூரை ஒளியை விழுங்கிவிடும். ஒளி செல்லும் வழி நீள்வதால் இதற்கு 400 வேகமுள்ள பிலிம் ஏற்றது. மேலே கூறிய வழிகாட்டு எண் கணக்கு இங்கே பொருந்தாது, டி.டி.எல். முறையே தக்கது.

நிற்க. வாங்குவோர் அறிய வேண்டிய எச்சரிக்கைகள் சில உள. மிகப் பழைய பிளாஷ் சிலவற்றின் இணைப்பில் 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. மின்னணுக் காமிராவிற் பொருத்தின் அதனைக் கெடுத்துவிடலாம். முன்னரே சோதித்தறிதல் வேண்டும். மினோல்டா நிறுவனம் 1988இல் 7000ஐ காமிராவோடு பிளாஷ் பொருத்தும் அடியின் வடிவையே மாற்றியது. ஆதலின் முன்னதற்குரியது இடையிணைப்பு இன்றிப் பின்னதில் ஏறாது. டிஜிட்டல் காமிராவுக்கென வந்த பிளாஷ்களும் எல்லாம் உதவுவன அல்ல. நிக்கான் எஸ்.பி. 700, எஸ்.பி. 900 என்பன எஃப் 90 முதலியவற்றில் டி.டி.எல். முறையில் இயங்கா. பயன்படுத்தாத காலத்தில் பாட்டரியைக் கழற்றி வைத்தல் வேண்டும். கசிந்த பாட்டரி நல்ல பிளாஷையும் பாழாக்கிவிடும். பழுதான பிளாஷைப் பிரித்துப் பார்க்கும் ஆசையையும் அடக்குக. அதனுள் உள்ள மின்தேக்கியில் தங்கிய மின்சாரம் உயிருக்கே தீங்கு விளைக்க வல்லது.

36 படங்கள் கொண்ட ஒரு சுருளில் இரண்டு மூன்றை இவற்றைச் சோதித்தறியச் செலவிடுதல் வீண் அன்று. வெள்ளாடை உடுத்த நண்பர் ஒருவரை நிறுத்தி, முதலில் டி.டி.எல். முறையிலும், பின் ஒரு படி கூட்டியும், பின் வழிகாட்டு எண்ணின்படியும் எடுத்து, எப்படம் எம்முறை என்று குறித்து வைப்போமாயின், பிலிம் கழுவி வந்த நாளில் தம் பிளாஷின் குணத்தைத் தெளிவாக அறியலாம். அவ்வறிவு பெற்றோர் கையிலுள்ள காமிராவின்முன் அமர்வோர், ஆடையால் அன்றித் தம் முகத்தாலேயே பிற்காலத்தார்க்கு அறியப்படுவர்.