பிறருக்காக ஓடும் கால்கள்!

மாமல்லபுரத்துக்குப் போனவர்கள் எல்லோரும் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தைப் பார்த்திருப்பார்கள். ஏறத்தாழ 90 அடி நீளம். யானைகள், மான்கள், தேவர்கள், நாகர்கள் என்று பாறை முழுவதும் உயிர்கள் நிறைந்திருக்கின்றன. 7-ம் நூற்றாண்டில் பல்லவர்கள் செதுக்க வைத்தது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் நிற்கிறார். உடம்பு எலும்பும் தோலுமாக இருக்கிறது. கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, ஒற்றைக் காலில் நிற்கிறார்.

அவர் யார்?

"அர்ச்சுனன். சிவபெருமானிடம் பாசுபதம் கேட்டுத் தவம் செய்கிறான்" என்பது ஒரு சாரார் கருத்து. "அல்ல, அவர் பகீரதன். கங்கையைப் பூமிக்குக் கொண்டுவரத் தவம் இருக்கிறார்" என்பது மற்றொரு சாரார் கருத்து.

பகீரதன் தனக்காகத் தவம் இருக்கவில்லை. சாம்பலாகிக் கிடந்த தன் முன்னோர் கரையேற வேண்டும் என்பதற்காகத் தவம் இருந்தான். பெரிய முயற்சி எதுவானாலும் "பகீரதப் பிரயத்தனம்" என்று நாம் இன்றும் சொல்கிறோம்.

சரி, பிறருக்காகத் தன் உடம்பை வருத்திக்கொள்கிறவனுக்கு என்ன கிடைக்கிறது?

இந்தக் கேள்விக்கு நம் காலத்தில் விடை சொன்னவர் ஒரு வாலிபர். அவருக்கும் இருந்தது ஒரு கால்தான்!

143 நாள் ஓட்டம்

அவர் பெயர் டெர்ரி ஃபாக்ஸ். கனடா நாட்டுக்காரர். 1958-ல் பிறந்தவர். விளையாட்டு என்றால் அவருக்கு உயிர்.

1977-ல் அவருடைய வலது காலில் புற்றுநோய் வந்தது. உயிரைக் காப்பாற்ற, முழங்காலுக்கு மேலே காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 18.

ஆஸ்பத்திரியில் அவர் தன்னைவிடச் சிறிய பிள்ளைகளைப் பார்த்தார். அவர்களும் அதே நோயால் துடித்துக்கொண்டிருந்தார்கள். "இந்த நோய்க்கு மருந்து காணப் பணம் வேண்டும். அதைத் திரட்ட நாடு முழுவதும் ஓடப்போகிறேன்" என்று முடிவு செய்தார்.

1980 ஏப்ரல் 12-ந்தேதி. கிழக்குக் கடற்கரையில் செயற்கைக் காலைக் கடல் நீரில் நனைத்தார். மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார்.

ஒரு நாளைக்குச் சுமார் 42 கிலோமீட்டர்!

அது எவ்வளவு தூரம் தெரியுமா? செங்கல்பட்டில் இருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். மாமல்லபுரம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து திரும்பித் திருக்கழுக்குன்றத்தை நெருங்கும் வரை ஓடினால் எவ்வளவோ, அவ்வளவு தூரம். அதை ஒரு காலும் ஒரு பொய்க்காலுமாகத் தினந்தோறும் ஓடினார்.

முதலில் அவரை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பிறகு ஊர் ஊராக மக்கள் சாலை ஓரத்தில் திரண்டார்கள். குழந்தைகள் உண்டியலை உடைத்துக் காசு கொடுத்தார்கள்.

143 நாட்கள். 5,373 கிலோமீட்டர். அதற்கு மேல் முடியவில்லை. நெஞ்சு வலித்தது. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள். செப்டம்பர் 1-ந்தேதி ஓட்டம் நின்றது.

"கனடா மக்கள் ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்தால் போதும்" என்பது அவருடைய ஆசை. 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. அன்றைய கனடாவின் ஜனத்தொகையும் ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம்தான். அவர் ஆசை நிறைவேறியது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதே ஆண்டு ஜூன் 28-ந்தேதி, 22 வயதில் அவர் கண் மூடினார்.

ஆனால் ஓட்டம் நிற்கவில்லை. அவர் பெயரால் பல நாடுகளில் மக்கள் ஓடுகிறார்கள். சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்திலும் அந்த ஓட்டம் நடந்திருக்கிறது. இதில் போட்டி கிடையாது. பரிசு கிடையாது. நடக்கலாம், ஓடலாம், சைக்கிளிலும் வரலாம். இதுவரை 80 கோடி கனடா டாலருக்கு மேல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறது.

ஆனந்தம் எங்கே ஊறுகிறது?

பரிசு இல்லை. பணம் கையை விட்டுப் போகிறது. கால் வலிக்கிறது. ஆனாலும் ஓடி முடித்தவர்கள் முகத்தைப் பாருங்கள். கல்யாண வீட்டில் இருந்து வருகிறவர்கள் போலச் சிரித்துக்கொண்டு வருவார்கள்! காரணம் என்ன?

முதல் காரணம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

1992-ல் ஜெருசலேம் நகரத்து விஞ்ஞானிகள் மூளையில் ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். மனத்துக்கு இதமும் அமைதியும் தருவதில் அதற்குப் பங்கு உண்டு. அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? "ஆனந்தமைடு"! நம் நாட்டு "ஆனந்தம்" என்ற சொல்லில் இருந்து எடுத்த பெயர்தான் அது.

2003-ல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களைச் சுமார் 50 நிமிடம் ஓட வைத்து அவர்கள் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஆனந்தமைடு கூடியிருந்தது. ஓடியவனுக்கு வரும் உற்சாகத்தில் இதற்கும் பங்கு இருக்கிறது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

இரண்டாவது காரணம், கொடுப்பது.

கனடாவில் ஒரு சோதனை நடந்தது. 46 பேரிடம் காலையில் ஆளுக்கு 5 டாலர் அல்லது 20 டாலர் கொடுத்தார்கள். "மாலை 5 மணிக்குள் செலவழித்துவிட வேண்டும்" என்றார்கள். பாதிப் பேர் தங்களுக்காகச் செலவழிக்க வேண்டும். மீதிப் பேர் பிறருக்காகச் செலவழிக்க வேண்டும்.

மாலையில் யார் அதிக மகிழ்ச்சியாக இருந்தார்கள்? பிறருக்காகச் செலவழித்தவர்கள்! இதில் வேடிக்கை என்னவென்றால், 5 டாலரா 20 டாலரா என்பதில் வித்தியாசமே தெரியவில்லை. இந்த ஆராய்ச்சி 2008-ல் வெளியாயிற்று. ஏழை கொடுக்கும் ஐந்து ரூபாயிலும் முழு இன்பம் உண்டு என்று இதில் இருந்து நாம் தைரியம் கொள்ளலாம்.

மூன்றாவது காரணம், கூட்டம்.

மாமல்லபுரம், கோவளம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தனியாக இழுத்தால் கை ஓய்ந்துவிடும். பத்துப் பேர் ஒரே தாளத்தில் குரல் கொடுத்து இழுத்தால் அலுப்புத் தெரிவது இல்லை. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துப் படகு வீரர்களைச் சோதித்தபோது இதுவே தெரிந்தது. தனியாகத் துடுப்புப் போட்டபோது இருந்ததைவிட, கூட்டாகத் துடுப்புப் போட்ட பிறகு வலியைத் தாங்கும் சக்தி அவர்களுக்கு அதிகமாக இருந்தது.

ஓட்டம், ஈகை, கூட்டம். மூன்று இன்பங்களும் ஒரே காலைப் பொழுதில் சேர்ந்துவிடுகின்றன!

கால் கொடுக்கும் கால்கள்

பணம் எப்படிச் சேருகிறது? இரண்டு வழிகள் உண்டு. ஓடுகிறவர்கள் கட்டும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு தர்மத்துக்குப் போகும். அல்லது ஓடுகிறவர் தன் நண்பர்களிடமும் உறவினர்களிடமும் போய், "நான் இத்தனை கிலோமீட்டர் ஓடுகிறேன். நீங்கள் இவ்வளவு கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவார். லண்டன் மாரத்தான் ஓட்டம் 1981-ல் தொடங்கியது. அதில் ஓடியவர்கள் இதுவரை 100 கோடி பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் இது வேரூன்றிவிட்டது. சென்னையில் இருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், விடியும் முன்பே ஓட்டப் பயிற்சி செய்கிறவர்களைக் காணலாம்.

சென்னையில் "டிரீம் ரன்னர்ஸ்" என்ற ஓட்டக்காரர் குழு அரை மாரத்தான் ஓட்டம் நடத்தி வந்திருக்கிறது. 21 கிலோமீட்டர் ஓட்டம். அதில் திரளும் நிதி "ஃப்ரீடம் டிரஸ்ட்" என்ற அமைப்பின் மூலம், கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்த உதவுகிறது. கால் உள்ளவர்கள் ஓடுகிறார்கள். கால் இல்லாதவர்களுக்குக் கால் கிடைக்கிறது!

ஒரு செயற்கைக் கால் என்ன செய்யும் என்பதற்கு நடனமணி சுதா சந்திரனே சாட்சி. 1981-ல் திருச்சிப் பக்கம் நடந்த பஸ் விபத்தில் அவர் ஒரு காலை இழந்தார். அப்போது அவர் பள்ளிப் பருவத்தைத் தாண்டாத பெண். "ஜெய்ப்பூர் கால்" பொருத்திக்கொண்டு, வலியைப் பொறுத்துப் பழகி, 1984-ல் மீண்டும் மேடை ஏறி ஆடினார். அவர் கதையே "மயூரி" என்ற படமாக வந்தது. அவரே அதில் நடித்தார்.

89 வயதில் ஓடிய தாத்தா

"எனக்கு வயதாகிவிட்டது" என்கிறீர்களா? பௌஜா சிங் கதையைக் கேளுங்கள்.

பஞ்சாப் கிராமத்து விவசாயி. 1911-ல் பிறந்ததாகச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாது. 1992-ல் மனைவி இறந்தார். 1994-ல் ஒரு மகன் கண் எதிரிலேயே விபத்தில் மாண்டான். தாங்க முடியாத துக்கம்! லண்டனில் இருந்த இன்னொரு மகனிடம் போனார். துக்கத்தை மறக்க ஓடத் தொடங்கினார்.

2000-ல், 89 வயதில், லண்டன் மாரத்தானில் 42 கிலோமீட்டரும் ஓடி முடித்தார். யாருக்காக? குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு உதவும் ஒரு தர்ம அமைப்புக்காக! 2011-ல், 100 வயதில், கனடாவின் டொரண்டோ நகரிலும் ஓடினார். 2025 ஜூலையில் சாலையில் வாகனம் மோதி இறக்கும் வரை, உலகம் அவரை ஓட்டக்காரராகவே போற்றியது.

மகனை இழந்தவர் ஊரார் குழந்தைகளுக்காக ஓடினார். அந்த ஓட்டமே அவரைத் துக்கத்தில் இருந்து கரை சேர்த்தது.

செங்கல்பட்டில் பிறந்த யோசனை

ஓடினால் உள்ளங்கால் எரிகிறது. கெண்டைக்கால் வலிக்கிறது. இந்த வலியும் ஒரு பாக்கியம்தான்! அதை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன டாக்டருக்கு வழி காட்டியது செங்கல்பட்டு.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1925-ல் தொழுநோய் மருத்துவமனை ஒன்று தொடங்கியது. 1955-ல் மத்திய அரசு அதை ஏற்று, ஆராய்ச்சி நிலையம் ஆக்கியது. வேலூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட் 1947-ல் இங்கே வந்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் கையைக் கொடுத்து, "இறுக்கிப் பிடி" என்றார். அவர் பிடித்த பிடியில் டாக்டருக்கே வலி எடுத்தது! "தசைகளில் பலம் இருக்கிறதே! இந்தக் கைகளைச் சரி செய்யலாமே!" என்ற எண்ணம் பிறந்தது. அதில் இருந்து தொழுநோயாளிகளின் கைகால்களைச் சீர்படுத்தும் ஆபரேஷன்கள் வேலூரில் வளர்ந்தன.

தொழுநோயாளிக்குக் காலில் வலி தெரியாது. முள் குத்தினாலும் தெரியாது. புண்ணோடு நடந்து நடந்து பாதமே தேய்ந்துபோகும். இதைக் கண்டறிந்து, மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்யவும் பிராண்ட் குழுவினர் வழி கண்டார்கள். தொழுநோய்க்கு இன்று இலவச மருந்து உண்டு. குணமாகிவிடும். ஆனால் உணர்ச்சி போன பாதங்களுக்குச் செருப்பும் கவனிப்பும் என்றும் தேவை.

நம் கால் வலியைச் செலவிட்டு, வலியே தெரியாத ஒரு காலுக்குச் செருப்பு வாங்கித் தர முடியுமானால், அதைவிட நல்ல ஓட்டம் எது?

பூனையும் தவம் செய்கிறது!

எச்சரிக்கையும் வேண்டும். அதையும் மாமல்லபுரத்துச் சிற்பியே செதுக்கி வைத்திருக்கிறான். தவசிக்குக் கீழே, யானையின் அருகில் பாருங்கள். ஒரு பூனை! அதுவும் கைகளைத் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள்.

தர்மத்தின் பெயரால் பணம் திரட்டுகிறவர்கள் எல்லோரும் பகீரதர்கள் அல்ல. "பணம் யாருக்குப் போகிறது? பந்தல், பனியன், விளம்பரச் செலவு போக எவ்வளவு மிஞ்சும்? பதிவு பெற்ற அமைப்பா? ரசீது உண்டா? சென்ற ஆண்டுக் கணக்கு எங்கே?" இவற்றைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். நல்லவர்கள் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள். மழுப்புகிறவர்களிடம் காசு கொடுக்காதீர்கள்.

ஓடப் போகிறீர்களா?

நெஞ்சு நோய், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். மற்றவர்கள் நடையில் தொடங்குங்கள். இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம். பிறகு ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை எளிதில் காயாது. உடம்புச் சூடும் தணியாது. ஆகையால் வெயில் ஏறும் முன்பே ஓடி முடித்துவிடுங்கள். தண்ணீர் கைவசம் இருக்கட்டும். தலை சுற்றினால் உடனே நின்றுவிடுங்கள். சாலையில் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலது ஓரமாக ஓடுங்கள்.

ஓட முடியாதவர்களுக்கும் வேலை உண்டு. தண்ணீர் கொடுக்கலாம். கை தட்டலாம். "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் தருகிறேன்" என்று பிள்ளைகளிடம் பந்தயம் கட்டலாம். பத்து கிலோமீட்டர் ஓடி வந்த பையனிடம் பத்து ரூபாயைக் கொடுத்து, அதை அவன் கையாலேயே உண்டியலில் போடச் சொல்லுங்கள். அப்போது அவன் முகத்தையும் பாருங்கள்!