சேணத்தின் வர்ணம்

குதிரைச் சேணத்தில் வர்ணம் எல்லா இடத்திலும் ஒரே விதமாகப் போய்விடுவதில்லை. சவாரி செய்பவரின் தொடையும் முழங்காலும் உராயும் இடங்களில் தேய்ந்தும், குதிரையின் வியர்வை ஊறும் அடிப்பாகத்தில் கறுத்து உப்புப் பூத்தும், வெயில் படும் மேற்புறத்தில் வெளிறியும் போன பழைய சேணத்தில், அங்கவடி வாரின் தலைப்பை மறைத்து நிற்கும் சிறு மடலைத் தூக்கிப் பார்த்தால், அங்கே மட்டும் புதிதாக வந்த நாளின் செம்பழுப்பு அப்படியே இருக்கும். புதுச்சேரியின் சாரம் பகுதியில் தோல் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் அந்த மடலைத் தூக்கிப் பார்க்காமல் எந்தச் சேணத்தையும் பழுதுக்கு எடுத்துக்கொள்வதில்லை. போனது எவ்வளவு, மீட்க வேண்டியது எது என்பதற்கு அதைவிட நல்ல பிரமாணம் கிடையாது.

புதுச்சேரிக்கும் தோலுக்கும் உள்ள சம்பந்தம், 1978-ல் திலீப் கபூர் இங்கே தொடங்கிய ஹைடிசைன் நிறுவனத்தோடு ஏற்பட்டதன்று. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், ஏறத்தாழ 1840-ஐ ஒட்டி, புதுச்சேரியிலிருந்து சென்னைக்குச் சென்று குடியேறிய சார்லஸ் டி சூசா என்ற யுரேஷியர், ஆவாரம்பட்டையால் தோல் பதனிடும் நாட்டு முறையைச் சீர்ப்படுத்தி ஒரு பெருந்தொழிலுக்கு வித்திட்டதைச் சென்னை ராஜதானியின் தொழில் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. அவ்விதம் பதனிட்ட தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரோடு கப்பலேறி, இங்கிலாந்தில் வர்ணமும் மெருகும் பெற்றது.

ஆவாரம்பட்டைக்கு ஒரு சுபாவம் உண்டு. அதில் ஊறிய தோல் முதலில் வெளிறிய மஞ்சளாக இருந்து, வெளிச்சம் படப் படச் சிவந்துகொண்டே போகும். இதற்குப் பரிகாரமாக, பட்டைத் தொட்டியிலிருந்து எடுத்த தோலைக் கடுக்காய்த் தண்ணீரில் மறுபடியும் ஊறவைத்தார்கள் நம் தொழிலாளர்கள். இரண்டும் துவர்ப்புப் பொருள்களே என்றாலும் வெவ்வேறு இனத்தைச் சேர்ந்தவை. பட்டை தோலை அழுகாமல் காக்க, கடுக்காய் அதன் நிறத்தைக் காத்தது. ரசாயன நூல் எதையும் படிக்காத கைகள் கண்டறிந்த இந்தச் சூட்சுமத்தை நினைக்கும்போது எனக்கு ஏற்படும் மரியாதை சாமானியமானதன்று. ஆவாரை முறைக்குக் குறையே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. புத்தகக் கட்டுமானத் தோல்களைப் பரிசோதித்த லண்டன் கலைச் சங்கத்தின் குழு 1905-ல் வெளியிட்ட அறிக்கையில், நம் நாட்டிலிருந்து போன இவ்வகைத் தோல்களே காலப்போக்கில் மிகவும் கெட்டுப்போவன என்று கண்டிருந்தது.

ஆகவே வர்ணம் மீட்பவர் சாயக்குப்பியைத் தொடுமுன் தோலின் ஜாதகத்தை அறிய வேண்டும். நம் நாட்டில் சேணத்தொழிலுக்குப் பேர்போன கான்பூரின் தோல் கருவேலம்பட்டையில் பதமானது. இங்கிலாந்தின் பழைய சேணங்கள் ஓக் மரப்பட்டையில். பட்டையில் பதமான தோல், நீரையும் எண்ணெயையும் போலச் சாயத்தையும் உள்வாங்கும். ஆனால் வியர்வை உப்பும் பழைய மெழுகும் அடைத்துக்கொண்டிருந்தால் எதுவும் இறங்காது. சாரத்துப் பெரியவர் பிழிந்த பஞ்சில் கிளிசரின் சோப்பைத் தொட்டு, நுரையைவிட ஈரம் மிகாதபடி துடைத்து, நிழலில் ஓரிரு நாள் காயவிடுகிறார். வெயிலில் வைத்தால் தோல் விறைத்துவிடும். பின்னர் ஸ்பிரிட்டில் கரைத்த சாயத்தை, வேண்டிய நிறத்தைவிட வெளிறியதாகவே கலந்து, மடலின் அடியில் ஒரு புள்ளி வைத்துச் சோதித்து, மெல்லிய துணியால் வட்டமாக, படலத்தின்மேல் படலமாகத் தேய்க்கிறார். மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெயைச் சிறிதளவு ஊட்டும்போது நிறம் மேலும் ஒருபடி கறுக்கும் என்பதால், அதற்கு இடம் விட்டே கலக்க வேண்டும். கடைசியில் வெள்ளைத்துணியால் அழுத்தித் துடைத்து, துணியில் கறை ஏறுவது நிற்கும் வரை மெருகிட்டுத் தேன்மெழுகு பூசுகிறார். அந்தத் துணியில் ஏறும் கறை நாளை சவாரிக்காரரின் கால்சட்டையில் ஏறுமல்லவா?

கறுப்புச் சேணமானால் சாயமே வேண்டாத உபாயம் ஒன்றுண்டு. துருப்பிடித்த இரும்பை வினிகரில் ஊறவைத்து வடித்த தண்ணீர், பட்டைத்தோலில் இருக்கும் துவர்ப்போடு சேர்ந்து அந்த இடத்திலேயே கறுப்பை உண்டாக்கிவிடும். கலம்காரித் துணியில் கடுக்காயின்மேல் இரும்புக் கரைசல் கறுப்பாவதும் இதே நியாயத்தால்தான். மிஞ்சிய புளிப்பை ஆப்பச் சோடாத் தண்ணீரால் அடக்காவிட்டால் தோல் நாளடைவில் நைந்துபோகும். குரோமியத்தால் பதனிட்ட தோலில் துவர்ப்பு இல்லையாதலால் இவ்வித்தை அங்கே பலிக்காது.

இவ்வளவு சிரமம் எதற்கு, கெட்டியான பூச்சு ஒன்றை அடித்துவிட்டால் ஒரே நாளில் புதிதாகிவிடுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பூச்சை நான் வெறுக்கிறேன். அது தோலின் மேல் ஆடையாக நின்று, மடங்கும் இடத்தில் முதலில் வெடிக்கிறது. அதற்குள் தன் அடியிலுள்ள வெடிப்பையும் நைந்த தையலையும் மறைத்துவிடுகிறது. குதிரையின் வயிற்றுப் பட்டையைக் கொக்கியில் தாங்கும் வார்கள் சேணத்தின் பெரிய பக்கமடலின் கீழே இருக்கின்றன. சவாரிக்காரரின் உயிர் அவற்றில்தான் தொங்குகிறது. அவற்றை வளைத்துப் பார்க்கையில் குறுக்கே கீறல் தெரிந்தாலோ, தோல் செம்பொடியாக உதிர்ந்து விரலில் ஒட்டினாலோ, அதற்கு எண்ணெயும் சாயமும் மருந்தாகா. வார்களை அறுத்துவிட்டுப் புதியன தைக்கச் சொல்லி, அதுவரை வர்ணவேலையை நிறுத்திவைப்பதே அந்தப் பெரியவரின் வழக்கம்; அதற்கு இசையாதவர்களின் சேணத்தை அவர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.